காற்றுக்கு முதுகு

முதலில் ஒரே ஓர் உள்ளான் குருவிதான் அப்படி நின்றது.

கடற்கழியின் நடுவே மிச்சமிருந்த மணல் திட்டில் நூற்றுக்கணக்கான பறவைகள் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு நின்றன. எல்லாம் வடமேற்கைப் பார்த்து, ஷமால் காற்றுக்கு நெஞ்சைக் கொடுத்து, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றன. கடற்கரைப் பறவை அப்படித்தான் நிற்கும். முதுகைக் காட்டினால் காற்று இறகுக்கு அடியில் புகுந்து விசிறிவிடும், உடம்புச் சூடு போய்விடும். ஒரு கைப்பிடி கனம்கூட இல்லாத உடம்புக்கு அந்தச் சூடுதான் உயிர். இது குஞ்சாக இருக்கும்போதே அதற்குத் தெரியும். ஆனால் டெலஸ்கோப்பின் வட்டத்துக்குள், மூன்றாவது வரிசையில், அந்த ஒன்று மட்டும் காற்றுக்கு முதுகைக் கொடுத்துவிட்டு அருணாவைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் இறகு ஒன்றுகூடக் கலையவில்லை.

அடிபட்டதாக இருக்கும் என்று அருணா நினைத்துக்கொண்டாள். இருபது வருஷமாகப் பறவை பார்க்கிறவளுக்கு, அடிபட்டதும் காற்றுக்கு முகம் காட்டித்தான் நிற்கும் என்பது தெரியாததல்ல. தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வதில் அவளுக்கு இப்போதெல்லாம் நல்ல பழக்கம். கையிலிருந்த கவுன்டரை அழுத்தி அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். டிக்.

உம் அல் குவைன் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால், கடல் உள்ளே புகுந்து தேங்கும் அகலமான கழி ஒன்று இருக்கிறது. கரையில் கண்டல் புதர்கள், அதற்கப்பால் நடந்தால் காலை விழுங்கும் உப்புச் சேறு. சேற்றின் நடுவே ஒற்றை மணல் பாதை. அதன் முனையில் நான்கு கால்களின் மேல் ஒரு பலகைக் கூண்டு. கடலைப் பார்த்து நீளமாக ஒரு திறப்பு, கரையைப் பார்த்து ஒரு கதவு, உள்ளே ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் அவளுடைய ஆபீஸ்.

அங்கே வரும் உள்ளானும் உப்புக்கொத்தியும் மூக்கனும் சைபீரியாவின் ஈரநிலங்களில் முட்டை வைப்பவை. அங்கே போய் அவற்றை எண்ணுவது நடக்கிற காரியமில்லை. ஒரு ஜோடி இங்கே, அடுத்த ஜோடி பத்து மைலுக்கு அப்பால் என்று சிதறிக் கிடக்கும். குளிருக்குத் தப்பி வளைகுடாவுக்கு வந்து, கடல் ஏறும் நிறைநீரில் கால் வைக்க இடமில்லாமல் ஒரே திட்டில் கூடும்போது எண்ணினால்தான் உண்டு. அதனால் எண்ணுகிறவர் தண்ணீர் ஏறுவதற்குள் கூண்டுக்குள் போய்விட வேண்டும். ஏறிய தண்ணீர் பாதையை மூடிவிடும். அது இறங்கும்வரை உள்ளேயேதான் இருக்க வேண்டும். இருபது குளிர்காலமாக யார் யாரோ அப்படி உட்கார்ந்து எண்ணித்தான், பறவை வருஷா வருஷம் குறைகிறது என்ற கோடு வரையப்பட்டிருக்கிறது. கடைசி ஆறு குளிர்காலம் அருணாவின் கை.

அந்த இடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது. இரண்டு பேர் போக வேண்டும், இரண்டு பேர் வெளியே வர வேண்டும். போன குளிர்காலத்துக்கு முன்புவரை, உடன் வேலை பார்த்த அருள்ராஜ் அவளோடு வந்துகொண்டிருந்தான். அவன் கனடாவுக்குப் போனபிறகு மேனேஜர் சுரேஷ்குமார் வேறு ஆள் போடவில்லை.

"புது ஆளுக்கு பட்ஜெட் இல்லைங்க. முடியலைன்னா சொல்லுங்க, இந்த புராஜெக்டை மூடிடலாம்" என்றார், டீ குடிக்கலாமா என்று கேட்கிற குரலில்.

புராஜெக்டை மூடினால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் விசா இல்லை. கணவர் ராஜீவுக்கு வேலை போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மூவருமே அருணாவின் விசாவில்தான் ஷார்ஜாவில் இருக்கிறார்கள். மகள் ஸ்வாதியின் பள்ளிப் படிப்பு இன்னும் முடியவில்லை; அடுத்த மாதம்தான் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. ஆகவே, கழிக்குப் போகும் வழியில் கேட்டில் இருக்கும் காவலாளி நூஹு முதல்முறை கேட்டபோது அருணா பொய் சொன்னாள்.

"எத்தனை பேரு போறீக மேடம்?"

"ரெண்டு பேரு பாய்."

"கூட வர்றவுக பேரு?"

டாஷ்போர்டில் ஒரு மெஸ்ஸின் விளம்பரச் சீட்டு கிடந்தது. ஜலஜா மெஸ், வீட்டுச் சாப்பாடு. "ஜலஜா" என்றாள் அருணா. "தலைவலின்னு பின்னாடி படுத்திருக்காங்க."

நூஹு கீழக்கரைக்காரர். பெண்கள் இருக்கும் காருக்குள் எட்டிப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. பேசும்போதும் பார்வையைத் தரையில்தான் வைத்திருப்பார். அந்த மரியாதையே அருணாவுக்கு வசதியாகப் போயிற்று. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள்; பொருந்துவதற்கு அவள் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. அடுத்த முறையிலிருந்து அவரே இரண்டு பேப்பர் கப்பில் சுலைமானி ஊற்றி நீட்டினார். "ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு ஜலஜா மேடத்துக்கு." அருணா இரண்டையும் தானே குடித்தாள். ஏலக்காய் போட்ட கருப்புத் தேநீர், நன்றாகத்தான் இருக்கும்.

இன்றைக்கு மட்டும் கப்புகளை நீட்டும்போது அவர் சிரித்தார். "இன்னைக்குத்தான் மேடம் அவுக எனக்குக் கையக் காட்டுனாக. இம்புட்டு நாளா ஒரு சலாம் கெடையாது."

பின்சீட்டில் டெலஸ்கோப்பின் முக்காலிதான் கிடந்தது. அதன் மேல் போட்டிருந்த துண்டு காற்றில் ஆடியிருக்கும் என்று நினைத்து அருணாவும் சிரித்து வைத்தாள்.

இப்போது அந்த இரண்டு கப்புகளும் பெஞ்சில், அவளுக்கு இடப்பக்கம் இருந்தன. ஒன்றை வரும்போதே குடித்துவிட்டாள். மற்றது மூடி போட்டபடி இருந்தது. திறப்பின் வழியே காற்று விசிலடித்துக்கொண்டு உள்ளே வந்தது. உப்பும் அழுகிய பாசியும் கலந்த சேற்று வாசனையைக் கொண்டுவந்தது. தலையில் சுற்றியிருந்த துப்பட்டாவைப் பிடுங்கிப் பிடுங்கி அவள் வாயில் அடித்தது. இரண்டு ஊக்கு குத்தியும் அடங்கவில்லை. சனியன் என்று வைதுவிட்டு, அதன் நுனியைக் கழுத்துக்குள் செருகிக்கொண்டு, மறுபடி டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

காற்றுக்கு முதுகு காட்டி நின்றவை இப்போது ஏழெட்டு.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதுவும் திரும்பவில்லை. பறந்து வந்து இறங்கவும் இல்லை. கூட்டத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு எண்ணிக்கொண்டே போய்விட்டு, இடது ஓரத்துக்கு வந்தால் அங்கே ஒன்றிரண்டு கூடியிருந்தது. உள்ளான்கள், இரண்டு உப்புக்கொத்தி, நெட்டைக் கால் மூக்கன் ஒன்று. பக்கத்தில் நின்ற பறவையின் இறகு காற்றில் பிரிந்து வெள்ளைத் தூவி தெரிய, இவற்றின் இறகு மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததுபோல் படிந்து கிடந்தது. பறவைக்குத் தலையின் இரண்டு பக்கமும் கண். எதையாவது பார்க்க வேண்டுமென்றால் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால்தான் பார்க்கும். இவை நேராகப் பார்த்தன.

அருணா கவுன்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். எண்ணி முடிப்போம், வேலையை முடித்துவிட்டால் மனசு தானாக அடங்கும் என்று பத்துப் பத்தாகப் பிரித்து எண்ண ஆரம்பித்தாள். பத்துக்கு ஒரு டிக். விரலும் கண்ணும் ஒன்றாகப் பழகியவை, மனசு எங்கே போனாலும் அவை பாட்டுக்கு நடக்கும். டிக். டிக். டிக். வெகுநேரம் எண்ணியபிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை சத்தம் கேட்டது. அவளுடையது ஒன்று. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சின் மறுகோடியிலிருந்து, மெல்லியதாக இன்னொன்று.

அழுத்துவதை நிறுத்தினாள். காற்றின் விசில் மட்டும் இருந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. கூண்டு எட்டடிக்கு ஆறடி. திரும்பினால் முழுவதும் தெரிந்துவிடும். பலகை அதிர்கிற சத்தம் என்று தன்னிடமே சொன்னாள். கூட்டி வந்த எண்ணைப் பார்த்தாள், கடைசிப் பத்தில் மிச்சமிருந்ததைச் சேர்த்தாள். ஆயிரத்து முந்நூற்றுப் பதினேழு.

அந்த எண்ணை அவளுக்குத் தெரியும்.

போன குளிர்காலம், எண்ண வேண்டிய நாளில், ஸ்வாதியைக் குடல்வால் ஆபரேஷனுக்குச் சேர்த்திருந்தார்கள். அருணா ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சுரேஷ்குமார் கணக்கு கேட்டபோது, கழிக்கே போகாமல், முந்தைய வருஷங்களைப் பார்த்து ஓர் எண்ணைச் சொன்னாள். முழு நூறாக இருந்தால் பொய் என்று தெரியுமே என்று, ஆயிரத்து முந்நூறோடு ஒரு பதினேழை ஒட்ட வைத்தாள். அதற்கு அடுத்த முறை போய் எண்ணியபோது திட்டில் ஐந்நூறுகூடத் தேறவில்லை. மீதி எண்ணூறு சொச்சம் உலகத்தில் எங்கேயும் இல்லாத பறவைகள். முட்டையிலிருந்து வராமல், அவள் வாயிலிருந்து வந்தவை. சரி, வெள்ளம் தலைக்கு மேல் போனபிறகு சாண் என்ன முழம் என்ன என்று அதையும் விட்டுவிட்டாள்.

மறுபடி கண்ணை வைத்தாள். வைக்காமல் இருந்திருக்கலாம்.

காற்றைப் பார்த்து நின்றவை ஓரமாக ஒதுங்கிச் சிறு கூட்டமாக இருந்தன. மீதித் திட்டு முழுக்க, தண்ணீர் விளிம்புவரை, முதுகில் காற்று. எல்லாம் கூண்டைப் பார்த்தன. ஒன்றும் அலகைத் திறக்கவில்லை. ஒன்றும் ஒற்றைக்காலை மாற்றவில்லை. சேற்று வாசனை நின்றுபோயிருந்தது. வாசனை என்று எதுவுமே இல்லை.

போய்விட வேண்டும்.

கதவை உள்ளே இழுத்துத் திறந்தாள். கீழே பாதை இல்லை. கூண்டின் கால்களைச் சுற்றித் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் எங்கே மணல், எங்கே சேறு என்று தெரியாத ஒரே சாம்பல் நிறம். அருள்ராஜ் ஒருமுறை இடுப்பளவு புதைந்தபோது அவளும் கயிறுமாக இழுத்து எடுத்தது ஞாபகம் வந்தது. அதற்குத்தான் இரண்டு பேர். அந்தச் சட்டத்தைப் போட்டவன் முட்டாள் இல்லை.

தொலைவில், கண்டல் புதர் ஓரத்தில் அவளுடைய வெள்ளைக் கார் சின்னதாகத் தெரிந்தது. சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிய இன்னும் வெகுநேரம் ஆகும்.

நூஹுவுக்கு போன் பண்ணலாம். பண்ணினால், தனியாகத்தான் வந்தேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவர் நல்லவர்தான், ஆனால் மேலே சொல்லாவிட்டால் அவர் வேலை போகும். சொன்னால் இவள் வேலை போகும். ஸ்வாதியின் பரீட்சை. வெறும் பறவைகள்தானே என்று நினைத்தாள். பறவைக்குப் பயந்தா பிள்ளையின் படிப்பைக் கெடுப்பது? கதவைச் சாத்திவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, தொண்டையை நனைக்க இரண்டாவது கப்பை எடுத்தாள்.

கப்பு கனமே இல்லை. மூடி அப்படியே இருந்தது. உள்ளே அடியில் ஓர் ஏலக்காய்த் தோல்.

அவள் குடிக்கவில்லை. அது நிச்சயம்.

டிக்.

இந்த முறை அவள் விரல் எங்கேயும் படவில்லை. சத்தம் பக்கத்திலிருந்து வந்தது. துணிக்கு உள்ளே கை வைத்து அழுத்தியதுபோல் அடங்கிய சத்தம். பெஞ்சின் பலகை லேசாக மேலே எழுந்தது, உட்கார்ந்திருந்த யாரோ எழுந்துகொண்டால் எழும்புவது மாதிரி. கதவு திறந்தது. காற்று திறக்கும் பக்கமாக அல்ல, காற்றை எதிர்த்து. பிறகு ஏணிப்படி ஒவ்வொன்றாக முனகியது. கீழே போகிற முனகல்.

தண்ணீரில் சத்தமே இல்லை.

அருணா மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அழுதாள். மாரியம்மா, மாரியம்மா என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது வெளிச்சம் கருநீலமாகியிருந்தது. டெலஸ்கோப்பைக் கரைப் பக்கம் திருப்பினாள். கரையோரமாக நகர்த்தினாள். கண்டல். கண்டல். வெறும் மண்.

கார் இல்லை.

போன் அடித்தது. நூஹு. அவள் வாழ்க்கையில் எந்தக் குரலுக்காகவும் அப்படிப் பாய்ந்ததில்லை.

"பாய்! பாய், நான் தனியாத்தான் வந்தேன், என்னைக் கூட்டிட்டுப் போங்க, நான் இங்க..."

"மேடம், நூஹு பேசுறேன். பின்கதவு சரியா அடையல, பாத்தீகளா? ஹைவேயில ஏறுமுன்ன நிறுத்தி மூடிக்கிடுங்க. ஜலஜா மேடம் வண்டி ஓட்டுறாகளே, நீங்க பக்கத்துல தலையச் சாச்சுத் தூங்குறீக, அதான் உங்க நம்பருக்கே அடிச்சேன்."

"பாய், அது நான் இல்ல! நான் உள்ள இருக்கேன்!"

"ஹலோ? மேடம்? ஒண்ணும் கேக்கல, வெறும் காத்துதான் இரையுது. சரி, கேட்டுக்குச் சங்கிலி போட்டுட்டேன். ரெண்டு பேரு போனீக, ரெண்டு பேரு வந்துட்டீக, கணக்கு சரி. பாப்பா பரீட்சைக்கு துவா செய்றேன்னு சொல்லுங்க."

வைத்துவிட்டார். திருப்பி அடித்தாள். அடித்தாள். எடுக்கவில்லை. தொழுகைக்குப் போயிருப்பார். வீட்டு நம்பரை அழுத்தினாள். ஸ்வாதி எடுத்தாள். பின்னால் குக்கர் விசில்.

"மா? ஹலோ?"

"ஸ்வாதி, கதவைத் திறக்காதே. யார் வந்தாலும் திறக்காதே. அம்மா மாதிரி இருந்தாலும் திறக்காதேடி!"

"கேன்ட் ஹியர் யூ மா. ஒரே காத்து. சரி, வீட்டுக்குத்தானே வர்றே, வா. பசிக்குது."

அருணா ஏணியில் இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்கு வடிந்திருந்தது. எந்தப் பக்கம் பாதை என்று பார்க்கவில்லை. திட்டை நோக்கி, பறவைகளை நோக்கி, கையை வீசிக்கொண்டு, கத்திக்கொண்டு ஓடினாள். ஏன் அந்தப் பக்கம்? ஒன்றாவது பறக்கட்டும் என்று. ஒன்றாவது அவளைக் கண்டு பயப்படட்டும். ஆள் நூறு தப்படிக்கு அப்பால் வந்தாலே மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும். இருபது வருஷமாக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததே அதற்குத்தான்.

ஐம்பது தப்படி. பறக்கவில்லை.

பத்து.

ஓரத்தில், காற்றைப் பார்த்து நின்ற உயிருள்ள பறவைகள் அலகை இறகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன. அவள் அவற்றின் நடுவில் போய் நின்றாள். கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். ஓர் உள்ளான் தூக்கம் கலையாமல் ஒற்றைக்காலை மாற்றி, அவளுடைய பூட்ஸின் மேல் ஊன்றிக்கொண்டது. கனமே தெரியவில்லை.

மற்றவை அவளைப் பார்த்தன. எண்ணூறு சொச்சம். நேராக.

அவை மெல்ல நகர்ந்தன. வரிசையில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டன.

கரையில், மிகத் தொலைவில், நெடுஞ்சாலையில் ஏறும் ஒரு காரின் சிவப்பு விளக்கு தெரிந்தது. அதைப் பார்க்கத் திரும்பினாள். ஷார்ஜா பக்கம் போகும் விளக்கு. அது மறையும்வரை பார்த்தாள். எதிரே, ஆளில்லாத கூண்டுக்குள்ளிருந்து, ஒரே ஒரு முறை கேட்டது.

டிக்.

கண்டல் புதர்கள் காற்றில் ஒடிந்துவிடுவதுபோல் வளைந்து கிடந்தன. தண்ணீரின் மேல் நுரை கரைப் பக்கம் ஓடியது. அருணா காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய துப்பட்டா தோளிலிருந்து நேராக, அசையாமல் தொங்கியது.